கரண்ட் போய் வந்த பிறகு கம்பைல் ஆகாதவர்கள் இங்கே சொல்லுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து:

தெரிந்தவரின் விசைப்படகுக்காக ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன போர்டு கம்ப்யூட்டரில் ஓப்பன்சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருளை கம்பைல் செய்துகொண்டிருந்தேன், அதாவது மூல ஃபைல்களிலிருந்து ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றிக்கொண்டிருந்தேன். ரெடிமேடாகவே கிடைக்கும்தான், ஆனால் ஒரு சின்னத் திருத்தம் வேண்டியிருந்தது. பாதியில் கரண்ட் போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகையில் ராமேஸ்வரம் தீவுக்குள் இது புதுசா என்ன!

கரண்ட் வந்ததும் மறுபடி மேக் (கம்பைல் வேலையை வரிசையாக ஓட்டும் கட்டளை) கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து ஒழுங்காக ஓடியது. கடைசியில் கம்பைல் ஆன துண்டுகளான ஆப்ஜெக்ட் ஃபைல்கள் ஒரே புரோகிராமாக லிங்க் ஆகும்போது, அதில் ஒரு ஃபைலைக் காட்டி ‘ஃபைல் நாட் ரெகக்னைஸ்டு’ என்று நின்றது. எல்எஸ் கட்டளை போட்டுப் பார்த்தால் அந்த ஃபைலின் அளவு 0. கரண்ட் போன நேரத்தில் ஃபைலின் பெயர் மட்டும் எஸ்டி கார்டில் பதிவாகி, உள்ளே இருக்க வேண்டியது போய்ச் சேரவில்லை. மேக் எதையும் திறந்து பார்ப்பதில்லை, நேரத்தைத்தான் ஒப்பிடும். ஆப்ஜெக்ட் ஃபைல் மூல ஃபைலைவிடப் புதியதாக இருந்தால் போதும், காலியாக இருந்தாலும் தாண்டிப் போய்விடும்.

அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மேக் கொடுத்தேன், முடிந்தது. இப்படிக் காலியாகக் கிடப்பவற்றைத் தேட ஃபைண்ட் கட்டளையில் ‘எம்ப்டி’ என்ற விருப்பம் உண்டு. இதுவரை கட்டியதை எல்லாம் அழிக்கும் மேக் கிளீன் கொடுத்தாலும் சரியாகும். ஆனால் அந்தச் சின்ன போர்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட யாருக்குப் பொறுமை?

கீழக்கரையிலிருந்து:

என் கதையில் கரண்ட் மேல் பழி போட முடியாது. ‘கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்’ (சிசி1பிளஸ் என்பது சி++ கம்பைலர்) என்று வந்து நிற்கும். கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெஸ்கில் பார்த்தால் ‘அவுட் ஆஃப் மெமரி’. பழைய லேப்டாப், 2 ஜிபி ரேம். மேக்கில் ஜே4 கொடுத்ததால் நான்கு கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ரேமைப் பிடித்துக்கொண்டன, கெர்னல் ஒன்றைக் கொன்றுவிட்டது. ஜே1 ஆக்கி, ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப்பும் கொஞ்சம் சேர்த்தேன். மெதுவாக ஓடியது, ஆனால் ஓடி முடிந்தது.

மண்டபத்திலிருந்து:

தங்கச்சிமடம் தம்பி, நேரம் என்று சொன்னீர்களே, அதிலேயே இன்னொரு வம்பு இருக்கிறது. பை 4-இல் கரண்ட் போனாலும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. நெட் இல்லாத இடத்தில் திரும்ப ஆன் செய்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். நான் லேப்டாப்பில் திருத்திய ஃபைல்களைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். பையைப் பொறுத்தவரை அவை எல்லாம் நாளைக்கு எழுதப்பட்டவை! ‘கிளாக் ஸ்கியூ டிடெக்டட்’ என்ற எச்சரிக்கையோடு, மாறாத ஃபைல்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. பலர் அதை வெறும் எச்சரிக்கைதானே என்று விட்டுவிடுவார்கள், விடக்கூடாது. போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் கடிகாரம் சரியானது. அப்புறம் சுத்தமாக ஒரு முறை கட்டினேன். படகில் எப்படியும் ஜிபிஎஸ் இருக்கும். ஜிபிஎஸ் தகவலை வாங்கித் தரும் ஜிபிஎஸ்டியையும் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனியையும் சேர்த்து வைத்தால் நடுக்கடலிலும் சரியான நேரம் கிடைக்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து:

நன்றி அண்ணே, எனக்கு அந்த எச்சரிக்கை வந்ததில்லை, இனி கவனிக்கிறேன். கீழக்கரை காக்கா, ஸ்வாப்பை எஸ்டி கார்டில் மட்டும் வைக்காதீர்கள், எழுதி எழுதியே கார்டு போய்விடும். லேப்டாப் ஹார்டுடிஸ்க் என்றால் பயமில்லை. பை என்றால் ஜீராம் போட்டுப் பாருங்கள், ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும்.