டிரேமண்ட் ஆடியிருந்தால் 2016 கோப்பை யாருக்கு?

கேவ்ஸ்பித்தன்:
2016 என்பிஏ கூடைப்பந்து ஃபைனல்ஸ் பற்றி (எங்கள் கிளீவ்லாந்து கேவ்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் மோதிய ஏழு ஆட்டத் தொடர், நான்கு ஜெயித்தால் கோப்பை) நேற்று வாரியர்ஸ்தாசன் எழுதியதைப் படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. "2016 கோப்பையை கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் ஜெயிக்கவில்லை, லீக் அலுவலகம் எடுத்துக் கொடுத்தது. வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனைத் தடை போட்டு ஐந்தாவது ஆட்டத்தில் உட்கார வைக்காமல் இருந்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும்" என்கிறார். ஐயா, டிரேமண்ட் இல்லாதது ஒரே ஒரு ஆட்டத்தில். ஆறிலும் ஏழிலும் களத்தில்தானே இருந்தார்? ஏழாவதில் அவருக்கு 32 புள்ளி, 15 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), 9 அசிஸ்ட் (கூடை போட உதவிய பாஸ்). அதுவும் ஓக்லாந்தில், சொந்த ரசிகர்கள் முன்னால். அப்படியும் 93-89 என்று தோற்றது யார்? அந்தத் தொடரில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) என்று ஐந்திலும் இரண்டு அணியையும் சேர்த்து முதலிடம் லெப்ரானுக்கு. ஃபைனல்ஸில் 3-1 என்று பின்தங்கிய அணி எழுந்து வந்து கோப்பை வாங்கியது அதுதான் முதல்முறை. அதை அலுவலகம் கொடுத்தது என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

வாரியர்ஸ்தாசன்:
ஏழாவது ஆட்டத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. ஐந்தாவது ஆட்டமும் ஓக்லாந்தில்தான் நடந்தது. 73 ஆட்டம் ஜெயித்த அணி, 3-1 முன்னிலை, கோப்பைக்கு ஒரு வெற்றிதான் பாக்கி. டிரேமண்ட் கூடைக்கு அடியில் நின்றிருந்தால் லெப்ரானும் அவர் அணியின் கைரி இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி எடுத்திருக்க முடியுமா? அவர் இல்லாமல் தனியாகச் சுமை தாங்கிய ஆண்ட்ரூ போகட்டும் அதே ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஐந்தாவதில் முடிந்திருந்தால் ஆறு ஏது, ஏழு ஏது?

ரீபவுண்ட்ராணி:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. ஒரு ஆட்டக்காரரால்தான் அணி ஜெயித்தது என்றால் என்ன அர்த்தம்? அவர் எடுத்த புள்ளியா, அவர் வந்ததால் மற்றவர்கள் ஆட்டம் மாறியதா, அவர் போனபிறகு அணி என்ன ஆகிறது என்பதா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

கேவ்ஸ்பித்தன்:
அக்கா, அதெல்லாம் அப்புறம். முதலில் இந்த சஸ்பென்ஷன் அழுகைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டிரேமண்டை யாரும் திடீரென்று பிடித்து உட்கார வைக்கவில்லை. முதல் சுற்றில் ஹூஸ்டன் அணியின் மைக்கேல் பீஸ்லியைக் கீழே தள்ளியதற்கு ஒரு ஃபிளாக்ரண்ட் புள்ளி (முரட்டு ஃபவுலுக்கான தண்டனைப் புள்ளி). ஓக்லஹோமா தொடரில் ஸ்டீவன் ஆடம்ஸைப் படக்கூடாத இடத்தில் உதைத்ததற்கு இரண்டு. லெப்ரான் மேல் கை வைத்ததற்கு ஒன்று. ஆக மொத்தம் நான்கு. பிளேஆஃபில் நான்கு சேர்ந்தால் அடுத்த ஆட்டம் கிடையாது, எல்லா அணிக்கும் அதுதான் விதி. மூன்று புள்ளியோடு ஃபைனல்ஸில் நிற்கிறவன் கையை அடக்கி வைத்திருக்க வேண்டாமா?

வாரியர்ஸ்தாசன்:
லெப்ரான்தான் முதலில் கீழே விழுந்து கிடந்த டிரேமண்டைத் தாண்டிக்கொண்டு போனார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆட்டம் நடக்கும்போது அது ஃபிளாக்ரண்ட் இல்லை. பிறகு உட்கார்ந்து வீடியோ பார்த்து மாற்றினார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் டிரேமண்ட் இல்லை. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கேவ்ஸ்பித்தன்:
பதில் சொல்லியாகிவிட்டது, நீங்கள் படிக்கவில்லை. சரி, இதே இரண்டு அணி மோதிய 2015 ஃபைனல்ஸுக்கு வருவோம். எங்கள் கெவின் லவ் முதல் சுற்றிலேயே தோள்பட்டை விலகிப் போய்விட்டார். கைரி ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்தோடு முழங்கால் சில்லு உடைந்து போய்விட்டார். மீதி இருந்தவர்களை வைத்துக்கொண்டு லெப்ரான் ஆறு ஆட்டம் வரை இழுத்தார், சராசரி 35.8 புள்ளி. உங்கள் அந்தக் கோப்பையை நாங்கள் யாராவது செல்லாது என்று சொன்னோமா?

வாரியர்ஸ்தாசன்:
அடிபடுவது ஆட்டத்தில் சகஜம். தடை என்பது அறைக்குள் உட்கார்ந்து எடுத்த முடிவு. இரண்டும் ஒன்றா?

கேவ்ஸ்பித்தன்:
கையை நீட்டியது அறைக்குள் உட்கார்ந்தவர்களா?

பழையபுல்ஸ்:
தம்பிகளா, இந்தச் சண்டையே தேவையில்லாதது. மைக்கேல் ஜோர்டான் ஆறு முறை ஃபைனல்ஸுக்குப் போனார், ஆறிலும் ஜெயித்தார். ஒன்றைக்கூட ஏழாவது ஆட்டம் வரை போக விடவில்லை. லெப்ரான் பத்து முறை போய் ஆறில் தோற்றவர். 2011-ல் மயாமிக்கு ஆடும்போது டல்லாஸிடம் என்ன ஆனது? கூட நட்சத்திரங்கள் வேட், பாஷ் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சராசரி 17.8.

கேவ்ஸ்பித்தன்:
வந்துவிட்டார். எந்தப் பேச்சு எடுத்தாலும் ஆறுக்கு ஆறு. அண்ணே, 1993-ல் ஜோர்டான் ஓய்வு பெற்றபோது 57 வெற்றியில் இருந்த சிகாகோ அடுத்த ஆண்டு 55 ஜெயித்தது. 2010-ல் லெப்ரான் போனதும் கிளீவ்லாந்து 61-லிருந்து 19-க்கு விழுந்தது, தொடர்ந்து 26 தோல்வி. 2014-ல் மயாமியை விட்டு வந்தார், 54 வெற்றி 37 ஆனது. 2018-ல் மறுபடி கிளம்பினார், 50 வெற்றி மறுபடி 19. மூன்று முறை ஒரே கதை. யார் இல்லாவிட்டால் அணி குலைகிறது என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது?

பழையபுல்ஸ்:
2010-ல் அவர் மட்டுமா போனார்? பயிற்சியாளர் மைக் பிரவுனை நீக்கினார்கள், சக ஆட்டக்காரர் இல்காஸ்கஸ் லெப்ரானோடு மயாமிக்குப் போனார். அதை ஏன் மறைக்கிறீர்கள்? 55 ஜெயித்த சிகாகோ நியூயார்க்கிடம் இரண்டாவது சுற்றில் தோற்றது. கோப்பைதான் கணக்கு. ஜோர்டான் திரும்பி வந்து முழுதாக ஆடிய மூன்று ஆண்டும் கோப்பை.

கேவ்ஸ்பித்தன்:
இல்காஸ்கஸ் போனதால் 42 வெற்றி குறைந்தது என்கிறீர்களா? கொஞ்சம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

வாரியர்ஸ்தாசன்:
பேச்சை மாற்ற வேண்டாம். ஐந்தாவது ஆட்டம். டிரேமண்ட். இன்னொன்றும் சொல்கிறேன், 2018 ஃபைனல்ஸில் இதே கேவ்ஸ்பித்தன் கிளீவ்லாந்து ஆறு ஆட்டத்தில் முடிக்கும் என்று மார்தட்டினார். நாங்கள் 4-0. அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

கேவ்ஸ்பித்தன்:
அந்த முதல் ஆட்டத்தைப் பார்த்தீர்களா இல்லையா? லெப்ரான் 51 புள்ளி. 107-107. ஜார்ஜ் ஹில் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவை ஜே.ஆர். ஸ்மித் பிடித்துவிட்டார், கூடை தலைக்கு மேலேயே இருக்கிறது. போடாமல் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் ஓடினார். லெப்ரான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஓவர்டைமில் தோற்றோம். 51 புள்ளி எடுத்தவர் மேலா பழி போடுவது? அதோடு, அந்த அணியில் கெவின் டூரன்ட் எதற்கு வந்தார்? 73 ஜெயித்த அணி தோற்ற கையோடு இன்னொரு எம்விபியைக் (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவரை) கூட்டி வந்தது. டிரேமண்ட் ஒருவர் ஒரு ஆட்டம் இல்லாததுதான் காரணம் என்றால் டூரன்ட் எதற்கு?

வாரியர்ஸ்தாசன்:
நல்ல ஆட்டக்காரர் வருகிறேன் என்றால் வேண்டாம் என்று எந்த அணி சொல்லும்? 2010-ல் மயாமிக்குப் போனவரின் ரசிகர் இதைக் கேட்கலாமா?

ரீபவுண்ட்ராணி:
நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. அது போகட்டும், ஏழாவது ஆட்டத்தில் கோப்பையைத் தீர்மானித்த ஷாட் கைரியுடையது. 53 நொடி இருக்கும்போது, 89-89, வாரியர்ஸின் கர்ரி முகத்துக்கு நேராக மூன்று புள்ளி. லெப்ரான் லெப்ரான் என்று கத்துகிற யாரும் கைரி பெயரைச் சொல்வதே இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

கேவ்ஸ்பித்தன்:
அக்கா, அந்த 89-89 அப்படியே நின்றது எதனால்? 1:50 இருக்கும்போது வாரியர்ஸின் இகுவடாலா தனியாக லேஅப் (கூடைக்கு அருகில் ஓடிப் போய்ப் போடும் ஷாட்) போனார். அது விழுந்திருந்தால் 91-89. பின்னாலிருந்து ஓடிவந்து பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தது யார்?

ரீபவுண்ட்ராணி:
பிளாக் பண்ணினால் புள்ளி ஏறாது. ஷாட் போட்டால்தான் ஏறும். கைரி போட்டார்.

பழையபுல்ஸ்:
ஜோர்டானுக்கு இப்படி யாரும் வந்து கடைசி ஷாட் போட்டுத் தரவில்லை.

ரீபவுண்ட்ராணி:
1993 ஃபைனல்ஸில் ஃபீனிக்ஸுக்கு எதிராகக் கடைசி மூன்று புள்ளி போட்ட ஜான் பாக்ஸன் யார்? 1997-ல் யூட்டாவுக்கு எதிராகப் போட்ட ஸ்டீவ் கெர் யார்? இதை எழுதும் முன் நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பழையபுல்ஸ்:
1997-ல் கெர்ருக்குப் பந்தைக் கொடுத்ததே மைக்கேல்தான்.

வாரியர்ஸ்தாசன்:
டிரேமண்ட் ஐந்தாவதில் ஆடியிருந்தால் பிளாக்கும் இல்லை, கைரி ஷாட்டும் இல்லை. இதை மறுத்து இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

கேவ்ஸ்பித்தன்:
ஆறாவது ஆட்டம், 115-101. டிரேமண்ட் இருந்தார். லெப்ரான் மறுபடியும் 41. கர்ரி ஆறு ஃபவுலில் வெளியேறி, கோபத்தில் வாய்க்காப்பைத் தூக்கி எறிந்தார். அதற்கும் அலுவலகம்தான் காரணமா? சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

வாரியர்ஸ்தாசன்:
ஐந்தாவது ஆட்டத்தைப் பற்றி எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.