இழை: 'நடுநிலைச் சட்ட எழுத்தர்' வேண்டாம், 'அவைவரைஞர்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மதுரை வழக்கறிஞர் ஐயா தொடங்கிய இழைக்கு இது பதில். அமெரிக்க நாடாளுமன்றத்திலும் அங்குள்ள மாநிலச் சட்டமன்றங்களிலும் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் சட்டமுன்வடிவு எழுதிக் கொடுக்கும் அலுவலர்களை என்ன சொல்லி அழைப்பது, அவர்களுடைய தொழில்நெறியை எப்படிக் குறிப்பது என்று கேட்டிருந்தார். இதுவரை வந்து விழுந்தவை: நடுநிலைச் சட்ட எழுத்தர், கட்சிசாராச் சட்டவரைவுப் பணியாளர், வெறும் சட்டவரைஞர். மூன்றிலும் எனக்குக் குறை உண்டு. முதலாவதன் மேல் கொஞ்சம் கோபமே உண்டு.

> நடுநிலை நமக்குப் பழகிய சொல். வள்ளுவரே நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். வேறு ஏன் தேட வேண்டும்?

அந்த அதிகாரத்தில் வருவது துலாக்கோல். எந்தத் தட்டு கனம் என்று காட்டுவது அதன் வேலை. நீதிபதிக்குப் பொருந்தும், தணிக்கையாளருக்குப் பொருந்தும். நாம் பேசும் அலுவலரோ எடை போடவே கூடாதவர். 1970-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சீரமைப்புச் சட்டம் பிரதிநிதிகள் அவையின் வரைவு அலுவலகத்துக்கு இதைத் தெளிவாகவே விதித்திருக்கிறது. அவை முடிவெடுக்க வேண்டிய கொள்கையில் அலுவலகம் ஒரு பக்கம் சாயக் கூடாது. ஒரு சட்டமுன்வடிவை ஏற்கச் சொல்லியும் வாதாடக் கூடாது, தள்ளச் சொல்லியும் வாதாடக் கூடாது. அலுவலகத்தின் வேலையையே பாதிக்கும் முன்வடிவாக இருந்து, அவைத் தலைவரோ ஒரு குழுவோ கருத்துக் கேட்டால் மட்டும் விலக்கு. உறுப்பினரோடு நடக்கும் எல்லாத் தொடர்பும் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள உறவின் காப்புக்குள் வரும்.

கட்சிக்காரர்! 'கட்சிசாரா' என்ற அடைமொழியை முன்மொழிந்த கோவைத் தோழி இந்த இடத்தில் என்ன செய்வார் என்று பார்க்க ஆசை. நம் நீதிமன்றத் தமிழில் வக்கீலிடம் வருபவர் கட்சிக்காரர்தான். "கட்சிசாரா அலுவலர் தம் கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார்.

சொல் விளையாட்டு இருக்கட்டும். இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் பெயர் பிடிபடும். ஓர் உறுப்பினரின் உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "பிளாஸ்டிக் பையைத் தடை செய்ய ஒரு சட்டம் எழுதிக் கொடுங்கள்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவுதான் சொல்வார். அதன் பிறகு வரைபவர் கேட்கும் கேள்விகள் ஒரு பக்கம் வரும். எந்தப் பை, எத்தனை மைக்ரான்? இறைச்சிக் கடைக்கும் உண்டா? தண்டம் கடைக்காரருக்கா, வாங்குபவருக்கா? கடையில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பதை என்ன செய்வது? என்றைக்கு நடைமுறைக்கு வரும்? அதிகாரி தண்டம் 'விதிக்கலாம்' என்று எழுதவா, 'விதிக்க வேண்டும்' என்று எழுதவா? கடைசிக் கேள்வி இலக்கணம் போலத் தெரியும். ஆனால் அந்த விகுதியில்தான் அதிகாரியின் விருப்புரிமை முழுவதும் இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட வரைபவர் தாமாக நிரப்பக் கூடாது. உதவியாளருக்குப் பதில் தெரியாது, மாலைக்குள் தாள் வேண்டும், "நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்களேன்" என்பார். அந்த 'ஏதாவது'தான் இந்தத் தொழிலின் பெரிய பொறி. வாக்காளர் யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் சட்டத்தின் உள்ளடக்கத்தை முடிவு செய்கிற இடம் அது. நேரமே இல்லையென்றால் ஒன்றை எழுதி, இது உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறது என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டிவிட வேண்டும். அடைப்புக்குறி இல்லாமல் நழுவவிடுவதுதான் தவறு.

அடுத்த நாள் எதிர்த்தரப்பு உறுப்பினர் அதே வரைபவரிடம் வருகிறார். துறைவாரியாக வேலை பிரித்திருக்கும் அலுவலகத்தில் அப்படித்தான் நடக்கும். சுற்றுச்சூழல் என்றால் யார் வந்தாலும் அவரிடமே வர வேண்டும். வந்தவர் கேட்பது, முந்தைய முன்வடிவைச் செல்லாக்காசாக்கும் ஒரு திருத்தம். நேற்று எழுதியதன் ஓட்டை எங்கே என்று இவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் முன்வடிவு இன்னும் அறிமுகமாகவில்லை என்றால், அப்படி ஒன்று இருப்பதாகக்கூட வாய் திறக்கக் கூடாது. அறிமுகமாகிவிட்டால் திருத்தத்தை நேற்றைய அதே திறமையோடு எழுதித் தர வேண்டும். கொஞ்சம் மழுங்கலாக எழுதினால் அதுவே துரோகம். இரண்டு உறுப்பினர்கள் தனித்தனியே ஒரே யோசனையோடு வந்தாலும், முதலாமவரின் அனுமதியில்லாமல் இரண்டாமவரிடம் "உங்களுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார்" என்று சொல்ல முடியாது.

ஆகவே இவர் நடுவில் நிற்பவரே அல்லர். காலையில் முழுக்க ஒருவர் பக்கம், மாலையில் முழுக்க மற்றவர் பக்கம். 'நடுநிலை' என்ற சொல் இதைச் சொல்லாததோடு தவறாகவும் சொல்கிறது.

> இலங்கையில் சட்டவரைஞர் என்ற சொல் வழக்கில் உள்ளது. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

நல்ல சொல், 'எழுத்தர்' என்பதைவிட நூறு மடங்கு மேல். (எழுத்தர் என்றால் நமக்குக் கோப்பும் குண்டூசியும்தான் நினைவுக்கு வரும்.) ஆனால் அங்கே சட்டவரைஞர் திணைக்களம் அரசாங்கத்தின் அங்கம். இலண்டனிலும் அப்படியே: 1869-இல் என்றி திரிங் தலைமையில் தொடங்கிய வரைவு அலுவலகம் பெயரில் நாடாளுமன்றத்தை வைத்துக்கொண்டிருந்தாலும் எழுதுவது அமைச்சர்களுக்காக. தில்லியில் சட்ட அமைச்சகத்தின் கீழ் உள்ள துறை. நமக்கு இந்த அலுவலருக்குத் தனிப் பெயர் இல்லாமல் போனதற்குக் காரணமும் இதுதான் என்பேன். இந்திய நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் கொண்டுவந்து சட்டமானவை 14 மட்டுமே, 1970-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. நிறைவேறுவதெல்லாம் அமைச்சகத்திலிருந்து வந்தால், எதிர்க்கட்சி உறுப்பினருக்கு எழுதித் தரும் ஆளுக்குப் பெயர் எதற்கு?

அமெரிக்காவில் கதை வேறு. அறிமுகப்படுத்தும் உரிமை உறுப்பினருக்கு மட்டுமே. அதிபரே விரும்பினாலும் ஓர் உறுப்பினரைப் பிடித்தாக வேண்டும். அதனால்தான் 1919-இல், 1918-இன் பெயர் தாங்கிய வருவாய்ச் சட்டத்தின் ஒரு பிரிவாக, நாடாளுமன்றம் தனக்கென ஒரு வரைவு அலுவலகத்தை ஏற்படுத்திக்கொண்டது. பிரதிநிதிகள் அவைக்கு மிடில்டன் பீமன் முதல் வரைஞர்.

இவர்களை மற்ற வரைஞர்களிடமிருந்து பிரிப்பது குணம் அல்ல, உரிமையாளர். இவர்கள் அவைக்குச் சொந்தம். எனவே என் முன்மொழிவு: அவைவரைஞர். எதிர்ப்பக்கத்தில் அரசு வரைஞர் தானாகவே வந்து உட்காரும். ஆய்வு, நிதிக் கணக்கு முதலியவற்றைப் பார்க்கும் மற்ற பொது அலுவலர்களை அவைப்பணியாளர் எனலாம். உறுப்பினரின் சொந்த உதவியாளர்களும் கட்சித் தலைமையின் ஆட்களும் கட்சிப்பணியாளர். 'கட்சிசாரா'வை நெப்ராஸ்கா மாதிரி இடத்துக்கு வைத்துக்கொள்வோம். அங்கே சட்டமன்றத் தேர்தலே கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டில் நடக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் nonpartisan என்ற ஒரே சொல் என்பதற்காக நாமும் குழம்ப வேண்டியதில்லை.

தொழில்நெறி என்ற சொல்லே போதும், 'வரைவறம்' எல்லாம் வேண்டாம். வரைவு என்றால் அகத்திணையில் திருமணம் என்பதைப் புலவர் யாராவது வந்து சொல்வார்.

ஆனால் நெறியின் ஒரு பகுதிக்கு இன்னும் சொல் இல்லை. 2015 பிப்ரவரியில் விஸ்கான்சினில் நடந்ததைப் பாருங்கள். ஆளுநர் ஸ்காட் வாக்கரின் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த, நம் முதலமைச்சர் போன்ற ஆள்) வரவுசெலவுத் திட்ட முன்வடிவில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் வாசகத்திலிருந்து உண்மையைத் தேடுதல் என்ற கருத்தே அடிக்கப்பட்டிருந்தது. கூச்சல் எழுந்ததும் ஆளுநர் சொன்ன முதல் காரணம்: வரைவுப் பிழை. பிறகு வெளிவந்த ஆவணங்கள், அந்த மாற்றத்தைக் கேட்டதே அவருடைய நிர்வாகம்தான் என்று காட்டின. அம்மாநிலத்தின் வரைவு அலுவலகம் 1901-இல் சார்லசு மெக்கார்த்தி தொடங்கிய நூலகத்தின் வழிவந்தது. முற்றிலும் கட்சி கடந்து நடக்கவும், வரும் கோரிக்கைகளின் இரகசியம் காக்கவும் சட்டமே அதைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே "பிழை எங்களுடையது அல்ல" என்று அலுவலகத்தில் ஒருவரும் செய்தியாளரைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. பழியை வாய் மூடி வாங்கிக்கொள்வதும் வேலையின் பகுதி. இதற்கு ஒரு சொல் வேண்டும். 'கமுக்கம்' வேண்டாம், அதில் ஏதோ சூது இருப்பது போன்ற தொனி வருகிறது.

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து

—

தாம்பரம் ஐயாவுக்கு வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் சட்டவரைஞர் என்பது திணைக்களத் தலைவரின் பதவிப்பெயர். அதையே அமெரிக்க அலுவலருக்கும் போட்டால் அரச உத்தியோகத்தர் என்றுதான் விளங்கும். ஆகவே 'அவை' சேர்வது நல்லது. ஆனால் அவைவரைஞர் என்று தனியே வாசிக்கிறவருக்கு, சபையில் இருந்து படம் கீறுகிற ஓவியர் என்று தோன்றாதா?

இன்னொன்று. உறுப்பினர் வேண்டுமென்றே விளங்காதபடி எழுதச் சொன்னால் அவைவரைஞர் என்ன செய்வார்? தண்டத்தை நாற்பதாம் பக்கத்து வரைவிலக்கணத்துக்குள் (சொற்பொருள் விளக்கத்துக்குள்) ஒளித்துவிடு என்றால்? சொன்னதைச் செய்வதுதான் நெறி என்றால் அதையும் செய்ய வேண்டி வருமே.

—

யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு,

ஓவியர் ஐயம் நியாயமானது. முதல் முறை வரும் இடத்தில் 'அவையின் சட்டவரைஞர்' என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு அவைவரைஞர் என்று சுருக்குவோம்.

ஒளித்து வைக்கும் கேள்விக்கு விடை, பிரதிநிதிகள் அவை அலுவலகத்துக்கான அந்த 1970 சட்டத்திலேயே இருக்கிறது. கொள்கையைத் தெளிவாகவும், உண்மை மாறாமலும், முன்பின் முரணில்லாமலும் வெளிப்படுத்த உதவுவதே அதன் நோக்கம் என்கிறது. உறுப்பினர் மோசமான கொள்கையைக் கேட்கலாம், வரைஞர் எழுதித் தருவார். அரசமைப்புக்கு முரணாகத் தெரிந்தால் முதலில் எடுத்துச் சொல்வார், உறுப்பினர் பிடிவாதமாக இருந்தால் அதையும் எழுதுவார். குழப்பத்தைக் கேட்டால் கதை வேறு, ஏனென்றால் அந்தத் தாளை வாசித்து வாக்களிக்கப் போகும் மற்ற உறுப்பினர்களும் அவருடைய அவைதான். உறுப்பினருக்கும் அவைக்கும் இடையில் இழுபறி வரும்போது அவை என்று பெயரிலேயே இருப்பது எனக்கு இன்னொரு காரணம். நடைமுறையில் இளநிலை வரைஞர் ஒருவர் செல்வாக்குள்ள குழுத் தலைவரிடம் இதைச் சொல்லிவிட்டு வேலையில் நிலைப்பாரா என்றால், அது அவருடைய மேலதிகாரி எவ்வளவு உறுதியாக நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

வெள்ளிக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் அவைவரைஞர், அரசு வரைஞர், அவைப்பணியாளர், கட்சிப்பணியாளர் நான்கையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பழி தாங்கும் மௌனத்துக்கான கட்டத்தை இப்போதைக்குக் காலியாகவே விட்டிருக்கிறேன், யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.