பதினான்கு பேரோடு பார்த்த ஒரு கொலைப் படம்

முதல் பகிர்வு: அசோக் நகரிலிருந்து

படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கொலையாளி யார் என்பதைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டை விளக்க முடியாது. பெயரோடு சேர்த்து அதை எழுதிவிட்டாலோ, இன்னும் பார்க்காதவர்களுக்குப் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

வெளியான மறுநாள், சனிக்கிழமை காலைக் காட்சிக்கு வடபழனியில் உள்ள ஒரு திரையரங்குக்குச் சென்றிருந்தேன். எண்ணிப் பார்த்ததில் என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் இருந்தோம். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்று நாள் விடாத மழை, மாடிப்படியில் இறந்து கிடக்கும் ஒரு சீட்டு நிறுவனக் கணக்காளர், விசாரிக்க வரும் ஓர் ஆய்வாளர், ஏழெட்டு நடிகர்கள். பாடல் கிடையாது. பெரும்பாலான காட்சிகள் அந்த ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

இடைவேளை வரை அரங்கில் யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை. தண்ணீர் தேங்கிய தரைத்தளமும், மின்சாரம் போன படிக்கட்டும், மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழியும் ஓசையும் மழைக்காலச் சென்னையில் குடியிருந்த எவருக்கும் பழக்கமானவை. கையில் பணம் இல்லாததை இருட்டு மறைத்துவிட்டது என்று பின்னர் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கதை அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது உண்மையிலேயே மழை கொட்டிக்கொண்டிருந்ததால், ஐந்தாறு பேர் அருகிலிருந்த தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரி மாணவர்கள் இருவரில் ஒருவர், அண்மைக் காலத்தில் தான் பார்த்த படங்களில் இதுவே மிகச் சிறந்த முதல் பாதி என்று அடித்துச் சொன்னார். அவருடைய நண்பரோ, இடைவேளைக்கு முன்பே கொலையாளியைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகவும், அதன் பிறகு வெறுமனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததாகவும் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் தம்பி என்று கேட்டேன். "இரண்டாவது மாடிக்காரராக வருபவர் ஒருவர்தான் சார் நமக்குத் தெரிந்த முகம். அவரைப் போய் இரண்டே காட்சிக்கு யாராவது கூப்பிடுவார்களா?" என்றார்.

இந்தப் பதிலை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குறைந்த முதலீட்டில் எடுக்கப்படும் கொலைப் படங்களில் பணத்தட்டுப்பாடு காரிலோ அரங்க அமைப்பிலோ தெரிவதைவிட, நடிகர் தேர்வில்தான் அதிகமாகத் தெரிகிறது. எல்லோரும் புதுமுகங்களாக இருக்க, ஒரே ஒருவர் மட்டும் அறிமுகமானவராக இருந்தால், பார்வையாளர் தடயத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய சம்பளத்தைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார். எங்களோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தை நினைவுபடுத்தினார். ஜப்பானியர் 1943இல் சென்னையில் குண்டு வீசிய பின்னணியில் நடக்கும் அந்தப் படத்திலும் பாடல் கிடையாது. ஆனால் 'பராசக்தி'யால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டுவிடுகிறார். மிகவும் தெரிந்த முகத்தைப் பிணமாக்கிவிட்டதால் முகத்தை வைத்துக் கணக்குப் போட வழியில்லாமல் போயிற்று என்று அவர் விளக்கியபோது, மாணவர்கள் இருவருமே அமைதியாகிவிட்டார்கள்.

அந்தப் பெரியவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனக்குறை வேறு. காவல் நிலையத்தில் ஆய்வாளர் முன்னால் கொலையாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு படம் முடிகிறது. காவல் துறை அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் அது 23ஆம் பிரிவு. "அவன் சொன்ன இடத்திலிருந்து அந்த இரும்புக் கம்பியை எடுத்ததாக ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால், அந்த அளவுக்காவது வாக்குமூலம் செல்லுபடியாகியிருக்கும். அதற்கு என்ன பெரிய செலவு?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அதே நாளில் தண்டனைச் சட்டமும் மாறி, கொலைக் குற்றத்துக்கான பிரிவு 302இலிருந்து 103 ஆனதை ஆய்வாளர் கவனிக்காமல் பேசியதை மட்டும், ஊரே இன்னும் அப்படித்தான் சொல்கிறது என்று அவர் மன்னித்துவிட்டார்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலைக்கான காரணத்தைப் பத்து நிமிட ஃபிளாஷ்பேக்கில் மொத்தமாகக் கொட்டியிருக்க வேண்டியதில்லை. முதல் பாதியில் கணக்காளரின் வீட்டுக் கதவை இரவில் தட்டிவிட்டு, பேசாமல் திரும்பிப்போகும் ஒரு பெண் வருகிறாரே, அவர் மூலமாகவே அதைச் சிறிது சிறிதாகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் டிக்கெட் பணம் வீணாகவில்லை. திங்கட்கிழமை இன்னொரு முறை பார்க்க நினைத்தேன். அதற்குள் அந்தத் திரையரங்கில் படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இரண்டாம் பகிர்வு: பெரம்பூரிலிருந்து

ஐயா அவர்கள் எந்தப் படத்தைச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் அதை என் கணவரோடு இரவுக் காட்சியில் பார்த்தேன். அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்பதால், என்னை உறுத்தியது வேறொரு காட்சி. இறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொல்கிறார். அடுத்த நொடியே காவலர் தூக்கும் கை மரக்கட்டை போல விறைத்து நிற்கிறது. விறைப்பு முதலில் கண்ணிமையிலும் தாடையிலும் தொடங்கி, உடல் முழுவதும் பரவச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நம் ஊர் வெயிலில் அது சற்று விரைவாக வந்து, விரைவாகவே விலகும் என்பது உண்மைதான். ஆனால் கதையில் நடப்பது மழைக்காலம்; அங்கே அந்தச் சலுகையும் கிடையாது. இறந்த நேரத்தை வைத்துத்தான் ஆய்வாளர் ஒவ்வொருவரையும் சந்தேகத்திலிருந்து விடுவிக்கிறார் என்பதால், இதைச் சிறிய பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் கணவர் கேட்டார். நான் பார்த்தேனே!

அதே படத்தில் என்னை அழவைத்த இடமும் உண்டு. பிணவறையில் அடையாளம் காட்ட வரும் மனைவி, முகத்தை மூடிய துணியை விலக்கவிடாமல், முதலில் காலைக் காட்டச் சொல்கிறார். குதிகால் வெடிப்பைப் பார்த்துவிட்டு, அவர்தான் என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் காலையே பார்த்துக்கொண்டு நின்றவர்களை நான் பணியில் பல முறை கண்டிருக்கிறேன். அதை எழுதியவர் எங்கோ அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். அந்த நடிகை புதியவர். அவருடைய பெயரைத் தெரிந்துகொள்வதற்காகவே கடைசி எழுத்துகள் ஓடி முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் பகிர்வு: தாம்பரத்திலிருந்து

நான் இதை ஓடிடியில் வந்த பிறகு, மின்சார ரயிலில் அலுவலகம் போய்வரும்போது கைப்பேசியில் பார்த்தேன். படிக்கட்டுக் காட்சிகளில் எனக்குக் கரிய திரையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஒன்றும் புரியாத படம் என்று நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். முதல் பகிர்வைப் படித்த பிறகு, நேற்று வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் மறுபடியும் போட்டேன். இரண்டாவது மாடிக் கதவுக்கு வெளியே ஈரமான செருப்பு கிடப்பது முதல் காட்சியிலேயே இருக்கிறது. நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் அம்மாவும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். கொலையாளி யார் என்பதில் அவருக்கு ஆர்வமே இல்லை. கணக்காளரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பதாக ஒரு காட்சியில் வருகிறது; அந்தப் பெண்ணுக்கு இனிமேல் யார் கல்லூரிக் கட்டணம் கட்டுவார்கள் என்று படம் முடிந்ததும் கேட்டார். கடைசிக் காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் அதில் எங்குமே இல்லை.