சீன வானொலி, டிவி பேச்சில் வாய் தவறினால் எப்படிச் சரிசெய்கிறார்கள்? நீங்கள் கேட்டதைப் பகிருங்கள்

பெய்ஜிங்வாசி:

இங்கே டாக்சியில் ஏறினால் பல நேரம் 103.9 ஓடிக்கொண்டிருக்கும். பெய்ஜிங் போக்குவரத்து வானொலி. எங்கே நெரிசல் என்று ஓட்டுநர்களே போன் போட்டுச் சொல்வார்கள். ஒருநாள் மாலை நேரலையில் ஓர் ஓட்டுநர், "நாலாவது சுற்றுச்சாலை, சான்யுவான் பாலத்துக்கிட்ட வண்டி நகரவே இல்லை" என்றார். ஊர் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று உறுத்தும். சான்யுவான் பாலம் மூன்றாவது சுற்றுச்சாலையில் இருக்கிறது, நான்காவதில் இருப்பது ஸுயுவான் பாலம். விமான நிலையம் போகும் வழியில் இரண்டையும் கடக்க வேண்டும்.

தொகுப்பாளர் 'தப்பு' என்று சொல்லவில்லை. "ஷிஃபு, ஸுயுவான் பாலம்தானே?" என்று கேட்டார். 'ஷிஃபு' என்பது ஓட்டுநர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். "துய் துய் துய், ஸுயுவான்" என்று அவரும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டு, எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று சொல்லப் போய்விட்டார். சரியான பெயர் அவர் வாயிலிருந்தே வந்தது. அப்புறம்தான் தொகுப்பாளர் நேயர்களுக்காகப் பாலத்தின் பெயரை இன்னொரு முறை நிறுத்திச் சொன்னார். அந்தப் பக்குவம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மொழியியல் மாணவி:

அண்ணா, அருமையான உதாரணம். பேசியவரே தன்னைத் திருத்திக்கொள்ள மற்றவர்கள் இடம் விடுவார்கள் என்று உரையாடல் ஆய்வாளர்கள் ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977-இல் ஆங்கில உரையாடலை வைத்து எழுதினார்கள். சீன நேர்காணல்களில் இது இன்னும் துலக்கமாகத் தெரிவதாக எனக்குப் படுகிறது. வீட்டில் காதில் விழாவிட்டால் "ஆ?" என்று கேட்பார்கள். 2013-இல் பத்து மொழிகளில் இந்த ஒலியை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் சீனமும் உண்டு. ஆனால் ஸ்டூடியோவில் வயதான பேராசிரியரிடம் அப்படிக் கேட்பதை நான் அதிகம் கேட்டதில்லை. "நின் ஷி ஷுவோ", அதாவது "நீங்கள் சொல்வது…" என்று தொடங்கி, தனக்குப் புரிந்ததைத் தொகுப்பாளர் முன்வைப்பார். பேராசிரியர் அதை ஏற்கலாம், மாற்றலாம். பல நேரம் தொகுப்பாளருக்கு விஷயம் புரிந்தே இருக்கும், கேட்பவர்களுக்காகத்தான் அந்தக் கேள்வி.

விருந்தினர் தானே திருத்தும்போது இவ்வளவு சுற்றி வளைப்பு இல்லை. எண்களில் கவனியுங்கள். சீனத்தில் வான் என்றால் பத்தாயிரம், யீ என்றால் பத்துக் கோடி. பொருளாதாரம் பேசுகிறவர், "ஐந்து வான், பூ துய், ஐந்து யீ" என்று வெட்டித் திரும்புவார். 'பூ துய்' என்றால் 'சரியில்லை'. அடுத்தவரிடம் பட்டென்று சொன்னால் கடுமையாக ஒலிக்கும் அதே சொல்லைத் தன் பேச்சுக்குத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். யார் சொன்னதைத் திருத்துகிறோம் என்பதில் அவ்வளவு கவனம்.

சீனம் படிப்பவன்:

நான் கவனித்தது பெயர்கள். நேயர் "என் பெயர் ஜாங்" என்றால் எந்த ஜாங்? ஒரே ஒலி, ஒரே தொனி, ஆனால் எழுத்து வேறு. "வில், நீளம் சேர்ந்த ஜாங்கா? நில், காலை சேர்ந்த ஜாங்கா?" என்று எழுத்தைப் பிரித்துக் கேட்பார்கள். சிலர் அதற்கும் இடம் வைக்காமல் முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். போன் எண்ணில் ஒன்றை 'யீ' என்று சொல்லாமல் 'யாவ்' என்பதும் இப்படித்தான், ஏழின் 'ச்சி'யோடு குழம்பாமல் இருக்க.

பெய்ஜிங்வாசி:

தம்பி சொன்னது சரி. கேட்டுப் பழக விரும்புகிறவர்கள் நேரலை வானொலியையே தேடுங்கள். செய்தி வாசிப்பில் இது அரிது. மாகாண அளவிலும் அதற்கு மேலும் வாசிப்பவர்களுக்குப் பொதுச்சீனத் தேர்வில் உச்சத் தரம், அதாவது நூற்றுக்குக் குறைந்தது 97 மதிப்பெண் வேண்டும். அவர்கள் தடுமாறினாலும் அந்தச் சொல்லை மறுபடி வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பதிவு செய்த டிவி நிகழ்ச்சியில் தடுமாறிய இடத்தை வெட்டிவிட முடியும். வெட்டாமல் விட்டாலும், விருந்தினர் வாய் தவறிச் சொன்னது ஒன்றும் திரையின் கீழே வரும் எழுத்து வேறொன்றுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே திருத்துவது பேசியவர் இல்லை, எடிட்டர்.