அயல்நாட்டு உடும்பு: வளர்க்கக் கற்றுக்கொடுக்கலாமா, வளர்க்கவே கூடாதா?

தென்பெண்ணைக்காரன் (ஓசூர்)

நம் ஏரிக்கரைகளிலும் புதர்க்காடுகளிலும் திரியும் உடும்பை யாரும் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பு போன்ற அயல் இனங்களை வைத்திருப்பவர்களுக்கும் வாங்க எண்ணுபவர்களுக்கும் முறையான வளர்ப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடையில் ஒரு சாண் குட்டியை மீன் தொட்டியில் வைத்துத் தருகிறார்கள்; அது மூன்றடிக்கு வளரும், பத்தாண்டு வரை வாழக்கூடும் என்பதைச் சொல்வதில்லை. வளர்ந்த ஒன்றுக்கு எட்டடி நீளமும் நான்கடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட அடைப்பு வேண்டும். அது வளை தோண்டிப் படுப்பதற்கு இரண்டடி ஆழத்துக்கு ஈரம் காக்கும் மண்ணும், ஒரு முனையில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் கல்லும், மறுமுனையில் 30 டிகிரியைத் தாண்டாத நிழலும், புற ஊதா விளக்கும் வேண்டும். உணவில்தான் பெரும்பிழை நடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த கள ஆய்வுகளில் இவை பெரும்பாலும் வண்டு, மரவட்டை, வெட்டுக்கிளி, நத்தை போன்றவற்றையே தின்பது தெரிந்தது. இங்கோ வாரந்தோறும் வெள்ளெலியையும் கோழிக்கறியையும் கொடுத்து, உடல் பெருத்துக் கல்லீரல் கெட்டுச் சாகவிடுகிறோம். தெரியாமல் செய்யும் இந்தக் கொடுமையைக் கல்வியால் மட்டுமே நிறுத்த முடியும்.

அஞ்செட்டி ஆசிரியை

தம்பி, நீங்கள் எழுதிய பராமரிப்புக் குறிப்புகளை நான் மறுக்கவில்லை. அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம். புல்வெளி உடும்புகள் கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகின்றன. கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை மிகக் குறைவு. காட்டில் தோண்டியெடுத்த முட்டைகளிலிருந்தோ, பிடிக்கப்பட்ட சினை உடும்புகளிலிருந்தோ கிடைத்த குட்டிகள்தாம் மிகுதி. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் ஊர்வன அடைக்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் சிக்குவதை நாம் செய்திகளில் தொடர்ந்து படிக்கிறோம். 2020ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு, அயல் உயிரினங்களை ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்பதில்லை என்றது. ஆகவே அப்படி அறிவித்துப் பெற்ற சான்று ஒருவரிடம் இருக்கிறது என்பதாலேயே அவருடைய விலங்கு நேர்வழியில் வந்தது என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊர் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியது. கைப்பேசியில் ஒருவர் உடும்பைத் தோளில் போட்டுக்கொண்டு பேசும் காணொளியைப் பார்க்கும் பையனுக்கு அது ஆப்பிரிக்க இனமா, நம் கரையான் புற்றில் முட்டையிடும் இனமா என்று தெரியாது. கறிக்கும் தைலத்துக்கும் கஞ்சிராத் தோலுக்கும் வேட்டையாடப்பட்டு நொந்துபோன உயிர் அது. இப்போது செல்லப்பிராணி ஆசையும் சேர வேண்டுமா?

தென்பெண்ணைக்காரன் (ஓசூர்)

டீச்சர், சான்றைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். 2024ஆம் ஆண்டு விதிகள் வந்தபின் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதும், பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் கட்டாயம் என்றாலும், அது பழைய வரலாற்றைக் கழுவிவிடாது. ஆனால் ஏற்கெனவே கூண்டில் இருக்கும் உயிரை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கானாவுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் கொண்டுபோய் விடுவதும் பெருந்தவறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்பு வணிகத்திலிருந்து வெளியேறிய நைல் உடும்புகள் கேப் கோரல் நகரில் பெருகி, அங்குள்ள தரைவளை ஆந்தைகளுக்கு அச்சுறுத்தலாகியிருக்கின்றன. வைத்திருப்பவர் கடைசிவரை நன்றாக வைத்திருக்க வேண்டும். அதற்குத் தமிழில் எழுதப்பட்ட தெளிவான வழிகாட்டி வேண்டும்.

பாலக்கோடு கால்நடை மருத்துவர்

இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். 'தர்மபுரி வெயிலுக்கு விளக்கு எதற்கு' என்று பலர் நினைக்கிறார்கள். காற்றின் வெப்பம் வேறு, விலங்கு படுக்கும் கல்லின் வெப்பம் வேறு. அறை 38 டிகிரியில் கொதித்தாலும் குட்டி வயிற்றைச் சூடாக்கிக்கொள்ளத் தகுந்த ஓர் இடம் இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. அதே அறையில் குளிர்ந்த வளை இல்லாவிட்டால் ஒரே பிற்பகலில் வெப்பத்தாக்கில் சாகும். ஓசூரில் மார்கழி இரவுக் குளிரும் மின்தடையும் சேர்ந்தால் சிக்கல் எதிர்த்திசையில் வரும். காய்ந்த பெட்டியில் வைக்கப்பட்ட உடும்புக்கு உடலில் நீர் குறைந்து, யூரிக் அமிலம் மூட்டிலும் சிறுநீரகத்திலும் படியும். பெண் உடும்புக்குத் தோண்ட மண் இல்லையென்றால் முட்டை வயிற்றிலேயே தங்கிவிடும். ஊர்வன நோயை வெளியே காட்டாமல் மறைக்கும்; சாப்பிடுவதை நிறுத்தியபின் கொண்டுவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆடு, மாடு, கோழிக்குப் பயிற்சி பெற்ற எங்களைப் போன்றோர் இதற்குப் போதாது. ஊர்வன பார்க்கும் மருத்துவருக்காக கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டத்தாரும் பெங்களூருக்குத்தான் போகிறார்கள்.

அஞ்செட்டி ஆசிரியை

மருத்துவர் ஐயா சொன்னதே என் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. மண், விளக்கு, பூச்சி உணவு, மருத்துவர் ஆகிய அனைத்தும் வேண்டுமென்றால், பாப்பிரெட்டிப்பட்டியிலோ பென்னாகரத்திலோ எத்தனை வீடுகளால் இயலும்? வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி எழுதுங்கள், தம்பி. மொழிநடையைச் சரிபார்த்துத் தருவது என் பொறுப்பு. அதன் முதல் பக்கத்தில் 'புதிதாக வாங்காதீர்கள்' என்று எழுத வேண்டும் என்பதே என் நிபந்தனை.

தென்பெண்ணைக்காரன் (ஓசூர்)

அந்த வரியை அப்படியே எழுத என் மனம் ஒப்பவில்லை, டீச்சர். கூண்டிலேயே பிறந்ததற்கு ஆவணம் காட்டும் வளர்ப்பாளரிடமிருந்து, அடைப்பை முதலில் கட்டி, விளக்கைப் போட்டு ஒரு மாதம் இரு முனைகளின் வெப்பத்தையும் அளந்து, மருத்துவரிடம் பேசிவைத்துவிட்டு வருகிற ஒருவரை நான் தடுக்க மாட்டேன். காட்டிலிருந்து வந்த குட்டியை வாங்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுகிறேன். நம் நாட்டு உடும்பைத் தொடவே கூடாது என்பதும், அதற்கான தண்டனையும் அதற்கு மேலேயே இருக்கும். வெப்ப அளவுகளை மருத்துவர் ஐயா ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

அஞ்செட்டி ஆசிரியை

ஆவணம் காட்டும் வளர்ப்பாளர் ஒருவரையாவது நீங்கள் நேரில் பார்த்து, தாய் உடும்பையும் முட்டை அடைகாக்கும் பெட்டியையும் கண்டு வந்தபின் அந்தப் பத்தியைச் சேருங்கள். அதுவரை வழிகாட்டி ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு மட்டுமாக இருக்கட்டும். வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.