பச்சைக் கதவுக்குள் போய்வந்த யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா?

இரவுப்பணி

பச்சைக் கதவு வழியாகப் படியிறங்கிப் போகும் கேட்வேஸ், பெண்ணை விரும்பும் பெண்கள் லண்டனில் ஒருகாலத்தில் கூடிய கிளப். அதைப் பற்றி இங்கே பலரும் அறிவீர்கள் என்பதால் முன்கதையைச் சுருக்கிக்கொள்கிறேன். 2018இல் தென் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணியில் இருந்தேன். அங்கே 86 வயது அம்மையார் ஒருவர் இருந்தார்; நினைவு வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. அவருடைய கட்டிலருகே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அதில் கோட்டும் டையும் அணிந்து முடியை ஒட்ட வெட்டியிருப்பவர் இவர். பக்கத்தில் பூப்போட்ட கவுனில் இன்னொரு பெண். முதல் வாரத்தில் படத்தைத் துடைத்துக்கொண்டே, "சகோதரியா?" என்று கேட்டேன். சற்றும் தயங்காமல் "ஆமாம்" என்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு, துணி அடுக்கும் அறையின் கதவுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். அன்றிரவு அவரைக் கழிவறைக்கு நடத்திச் சென்றபோது அந்தக் கதவின் முன்னால் நின்றுவிட்டார். நடைச்சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோய், அங்கே இல்லாத டையின் முடிச்சை இறுக்கிச் சரிசெய்தார். "படி செங்குத்தானது, நான் இங்கேயே நிற்கிறேன். அவள் வந்துவிட்டாளா என்று நீ கீழே போய்ப் பார். என் உண்மைப் பெயரைச் சொல்லிவிடாதே" என்றார். நான் உள்ளே போய், அடுக்கியிருந்த விரிப்புகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இன்னும் வரவில்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

தேம்ஸ்கரைத் தவளை

நீங்கள் "சகோதரியா" என்று கேட்டதில் பிழையில்லை. அந்தத் தலைமுறையினருக்கு அது பழகிப்போன விடை. ஆணும் ஆணும் உறவு கொள்வது இங்கிலாந்தில் 1967 வரை குற்றமாக இருந்தது; பெண்களுக்கு அப்படியொரு சட்டமே இருந்ததில்லை. 1921இல் கொண்டுவர முயன்றபோது, இப்படி ஒன்று இருக்கிறது என்பதைப் பெண்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்று அஞ்சிப் பிரபுக்கள் அவை அதை நிராகரித்தது. எனவே அவர்களுக்குச் சிறைப் பயம் இல்லை. வேலை போகும், பிள்ளை போகும், குடியிருக்கும் வீடு போகும் என்ற பயம்தான்.

1996இல் நான் வீடு சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்வந்த வீடுகளில் ஒன்றில் இரண்டு முதிய பெண்கள் வாழ்ந்தார்கள்; அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் தோழிகள். படுக்கையறை இரண்டு, வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றச் சொல்வார்கள். ஒரு நாள் பேருந்து சீக்கிரம் வந்துவிட்டதால் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், ஆசிரியை இரண்டாவது கட்டிலின் போர்வையைக் கசக்கிவிட்டு, கையை முட்டியாக மடக்கித் தலையணையின் நடுவில் ஒரு குத்து விட்டுக் குழி உண்டாக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பப் படியிறங்கி, வாசலுக்குப் போய் மணியை அடித்தேன். அந்தக் காலத்தில் சனிக்கிழமைகளில் கேட்வேஸுக்குப் போகும்போது இருவரும் ஒரே ரயிலில் வெவ்வேறு பெட்டிகளில் ஏறுவார்களாம். இது பல வருடங்களுக்குப் பிறகு அவரே சொன்னது.

வடக்குவாசல்

அந்த இடத்தைக் கோவிலாக்கிவிடாதீர்கள். செல்சியில் கிங்ஸ் ரோடும் பிராமர்டன் தெருவும் சேரும் மூலையில் ஜன்னலே இல்லாத ஒரு நிலவறை அது. முதலில் பெண்களுக்கு மட்டுமான இடமாகவும் அது இருக்கவில்லை. 1943இல் அதை எடுத்த டெட் வேர் காலத்திலிருந்து ஆண்களும் வந்துபோனார்கள். பெண்களுக்கு மட்டும் என்று ஆனது 1967இல்தான். அங்கேயும் சட்டதிட்டங்கள் உண்டு: ஜோடியில் ஒருவர் ஆண்போல் கோட்டு அணிய வேண்டும், மற்றவர் கவுனும் உதட்டுச்சாயமுமாக இருக்க வேண்டும். நான் மினிகேப் ஓட்டிய காலத்தில் வழக்கமாக மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்லும் ஒரு பாட்டி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1950களில் அலுவலகத்திலிருந்து நேரே, பாவாடையும் தட்டைச் செருப்புமாகப் போனாராம். கோட்டு அணிந்தவரும் இல்லை, உதட்டுச்சாயக்காரியும் இல்லை என்பதால் அன்றிரவு முழுவதும் யாரும் அவரை ஆட அழைக்கவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு முடியை வெட்டிக்கொண்டு போனார். அன்றே ஆள் அமைந்தது. வீட்டில் தாய் அந்தத் தலையைப் பார்த்துவிட்டுப் பேன் பிடித்துவிட்டதா என்று கேட்டாராம். அதுவும் நல்லதற்கென்று "ஆமாம்" என்றாராம்.

1971இல் ஒருபால் விடுதலை முன்னணியினர் துண்டறிக்கையோடு வந்தபோது அவர்களை வெளியேற்றியதும் இதே கிளப்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரைத் தவளை

சேர்த்தே சொல்கிறேன். ஆனால் வெளியே முழங்கியவர்கள் இளைஞர்கள். உள்ளே இருந்தவர்கள் மறுநாள் காலையில் பள்ளிக்கும் தபால் நிலையத்துக்கும் வேலைக்குப் போக வேண்டியவர்கள். கதவைப் பார்த்துக்கொண்ட, டெட் வேரின் மனைவி ஜினாவுக்கு அது தெரிந்திருந்தது.

ஓய்வுபெற்ற செவிலி

தங்கச்சி, நீங்கள் ஆலோசனை கேட்கவில்லை என்றாலும் இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படத்தில் இருப்பவரைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் உறவுமுறையை நாமே எடுத்துக்கொடுக்காமல், "இவர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். இங்கிலாந்தில் இருபெண் இணையர் பதிவு செய்துகொள்ள முடிந்தது 2005 டிசம்பரிலிருந்து. திருமணம் செய்ய முடிந்தது 2014 மார்ச்சிலிருந்து. அதற்கு முன்பே துணையை இழந்தவர், நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும், படிவத்தில் "திருமணமாகாதவர்" என்றுதான் இருப்பார். நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும், உடன்பிறந்தாரின் மகனுடைய பெயர் இருக்கும். அந்தப் படிவத்தை நம்பி நடக்காதீர்கள். அவர் உங்களிடம் சொன்னதை அவருடைய ஒப்புதல் இல்லாமல் பராமரிப்புக் குறிப்பில் எழுதாதீர்கள். பணியாளர் சமையலறையில் தேநீரோடு அதைப் பேச்சாக்காதீர்கள். நம்மவர்கள் மூன்று பேர் சேர்ந்துவிட்டால் தமிழில்தானே பேசுகிறோம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது, முகக்குறிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதை மறந்துவிடுகிறோம். நினைவு மங்கியவர் எந்த வருடத்தில் இருக்கிறாரோ அந்த வருடத்திலேயே அவரோடு பேசுங்கள். இறந்தவர் இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டினால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு.

எனக்கு வாய்த்த அனுபவம் சிறியது. ஒரு நோயாளியின் மேசையில் இப்படி ஒரு படம் இருந்தது. உறவினர் வந்து போகும்போதெல்லாம் அது குப்புறக் கிடக்கும். நான் நிமிர்த்தி வைப்பேன்.

இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் "சகோதரி" என்ற சொல்லையே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது அது அல்ல. "வந்துவிட்டாள், உட்கார்ந்திருக்கிறாள்" என்று நான் சொல்லியிருந்தால் அவர் உள்ளே போயிருப்பார், விரிப்புகளைப் பார்த்துக் குழம்பியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் "இன்னும் வரவில்லை" என்றதும் அவர் தலையை ஆட்டிவிட்டு, "அவளுக்கு வெளியே கிளம்ப ஒரு பொய் தயார் செய்ய வேண்டும், நேரமாகும்" என்றார். நாற்காலி கேட்டார், போட்டேன். பச்சைக் கதவுக்கு எதிரே முதுகை நிமிர்த்தி, முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணி மருந்துக்கு நான் போனபோதும் அப்படியே இருந்தார். ஐந்தரைக்குத் துப்புரவுப் பெண் வந்து விளக்கைப் போட்டதும், "கடைசி ரயில் போயிருக்கும்" என்று சொல்லி எழுந்துகொண்டார்.