வெங்காயம் பிடுங்கப் பிள்ளைகளை இறக்கலாமா?

நிலாவெளிக் கமக்காரன்:
பள்ளி லீவில் வெங்காயம் பிடுங்க 13, 14 வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேரைப் பக்கத்துக் காணியில் கூலிக்கு இறக்கியிருந்தார்கள். யாரோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துச் சொல்லிவிட்டார்கள். இலங்கையில் வேலைக்கான குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது, சரி. ஆள் கிடைக்காமல் வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகினால் நட்டத்தை யார் தருவது? நாங்களும் தகப்பனோடு இறங்கி வளர்ந்தவர்கள்தானே.

மூதூர் ரீச்சர்:
தகப்பனோடு இறங்குவது வேறு. பள்ளி நேரத்துக்கு வெளியே பெற்றோரோடு இலகுவான கமவேலை செய்ய 1956ஆம் ஆண்டுச் சட்டமே இடம் விட்டது. இது அடுத்தவர் காணி, கூலி வேலை, அதற்குமேல் மருந்தடித்த பயிர். பனிப்பூச்சிக்குக் கடைசியாக எப்போது அடித்தது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னார்களா?

நிலாவெளிக் கமக்காரன்:
போத்தலில் போட்டிருக்கிற நாள் கழித்துத்தான் எல்லோரும் பிடுங்குகிறோம். பிள்ளைகள் மருந்தடிக்கிற ரேங்கியைத் தொடுவதே இல்லை.

தம்பலகாமம் மருந்துக்கடை:
அண்ணை, அந்த நாள் சாப்பிடுகிறவருக்கானது. வெங்காயத்தில் மிஞ்சும் நஞ்சைப் பார்த்துப் போடுவது. நாள் முழுக்க வெங்காயத் தாளைப் பிடித்து இழுக்கிற கைக்கு அது பொருந்தாது. மருந்தடித்த காணிக்குள் திரும்ப இறங்க விடவேண்டிய இடைவெளி தனி. கடைக்கு வருகிறவர்களில் அதைக் கேட்பவர்கள் குறைவு.

மூதூர் ரீச்சர்:
அந்த இடைவெளியும் பெரும்பாலும் வளர்ந்த ஆளை வைத்துப் போட்டதுதான். அமெரிக்காவில் 1977இல் சட்டத்தைத் திருத்தி, விசேட அனுமதியோடு 10, 11 வயதுப் பிள்ளைகளும் கையால் அறுவடை செய்ய இடம் கொடுத்தார்கள். மருந்து அவர்களுக்கு ஆபத்தில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என வழக்குப் போனது. 1980இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் நிற்கவில்லை. பிள்ளையின் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம், அதனால் அதே நஞ்சு கூடுதலாக ஏறும். ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து நரம்பை அடங்கவிடாது. எச்சில் வடியும், வியர்க்கும், வாந்தி வரும். வெயில் என்று நினைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பார்கள்.

நிலாவெளிக் கமக்காரன்:
அந்தக் கூலியில்தான் அதுகள் கொப்பி, சப்பாத்து வாங்குதுகள். 1929க்கு அடித்தவர் வாங்கிக் கொடுப்பாரா? கையுறை போட்டுவிட்டால் போதாதா?

தம்பலகாமம் மருந்துக்கடை:
பிள்ளைக் கைக்கு அளவான கையுறை என் கடையில் இல்லை. பெரிய கையுறைக்குள் மருந்துத் தண்ணீர் இறங்கினால் வெறுங்கையைவிட மோசம்.

நிலாவெளிக் கமக்காரன்:
சரி, பிடுங்கல் பெரியவர்களோடு போகட்டும். காய்ந்த பிறகு பிடி கட்ட விடலாமா?

மூதூர் ரீச்சர்:
உங்கள் பிள்ளைகளையா, கூலிக்கு வருகிற பிள்ளைகளையா?